பட்டத்துக்கு அழைக்கப்படாத வீரர் சாம் லாங்ஃபோர்ட்

யானைக்கவுனி பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிறந்து வளர்ந்த நமக்கு குத்துச்சண்டையைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்தோடும் ராணுவத்தோடும் வந்து இறங்கிய ஆட்டம் இது. வடசென்னை உழைப்பாளி மக்கள் அதைத் தங்கள் சொத்தாக ஆக்கிக்கொண்டார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று குடும்பக் கோத்திரம் மாதிரி பெயர் சொல்லி வளர்த்தார்கள். கித்தேரி முத்து போன்றவர்களின் பெயர் இன்றும் பெரியவர்கள் வாயில் வருகிறது. 1980-ல் முகமது அலியே சென்னைக்கு வந்து காட்சிப் போட்டி ஆடிவிட்டுப் போனார். 2021-ல் பா. ரஞ்சித்தின் படம் வந்த பிறகு தென்சென்னைக்காரர்கள் கூட சார்பட்டா என்றால் என்ன என்று தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது நம்ம ஊர் ஆளைப் பற்றி அல்ல. அலிக்கு ரொம்ப முன்னால் வாழ்ந்த ஒரு கறுப்பின வீரரைப் பற்றி. குத்துச்சண்டை வரலாறு எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் தலைவணங்கும் பெயர். ஆனால் உலக ஹெவிவெயிட் சாம்பியன்கள் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தாலும் அந்தப் பெயர் கிடைக்காது. தோற்றதால் அல்ல. அந்தப் பட்டத்துக்காக மேடை ஏற அவரை யாரும் ஒரு தடவை கூட கூப்பிடவில்லை!

அவர் பெயர் சாம் லாங்ஃபோர்ட்.

மருந்துக்கடைக்காரர் கண்டெடுத்த பையன்

கனடாவில் நோவா ஸ்கோஷியா என்று ஒரு கடலோர மாகாணம். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த கறுப்பின மக்கள் பல தலைமுறைகளாகக் குடியிருக்கும் பகுதி. அங்கே வெய்மவுத் ஃபால்ஸ் என்ற சின்ன ஊரில் 1880-களில் பிறந்தவர் லாங்ஃபோர்ட். அப்பாவின் அடி உதை தாங்காமல் சின்ன வயசிலேயே வீட்டை விட்டு ஓடினார். கிடைத்த வேலையைச் செய்துகொண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் வந்து சேர்ந்தபோது கையில் காசில்லை, வயிற்றில் சோறில்லை.

பாஸ்டனில் ஜோ உட்மன் என்றொருவர் மருந்துக்கடை வைத்திருந்தார். கூடவே ஒரு குத்துச்சண்டைக் கூடமும் நடத்தினார். அந்தக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலை லாங்ஃபோர்டுக்குக் கிடைத்தது. பெருக்கிய நேரம் போக மற்ற நேரத்தில் பயிற்சிக்கு வரும் வீரர்களுக்கு அடி வாங்கிக்கொள்ளும் ஆளாக நின்றார். கொஞ்ச நாளில் அடி வாங்க வந்த பையன் அடிக்க ஆரம்பித்தான். உட்மன் விஷயத்தைப் புரிந்துகொண்டு மேனேஜர் ஆனார். 1902-ல் லாங்ஃபோர்ட் தொழில்முறை வீரராக மேடை ஏறினார்.

ஆளைப் பார்த்தால் அப்படி ஒன்றும் பயமாக இருக்காது. உயரம் ஐந்தடி ஏழு அங்குலத்தை ஒட்டித்தான். ஆனால் தோள் அகலம், கழுத்து தடிமன், உயரத்துக்குப் பொருந்தாத நீளக் கைகள். மெக்கானிக்கல் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சின்ன பாடியில் பெரிய எஞ்சினைப் பொருத்திய வண்டி!

உண்மையைச் சொல்லிவிடுவோம்

லாங்ஃபோர்டுக்கு எந்த எடைப் பிரிவிலும் பட்ட வாய்ப்பே வரவில்லை என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது முழு உண்மை இல்லை. மதிப்பீடு என்று உட்கார்ந்தால் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

1903 டிசம்பர் 8 அன்று பாஸ்டனில் ஜோ கான்ஸ் என்பவரோடு மோதினார். கான்ஸ் அப்போது லைட்வெயிட் உலக சாம்பியன், அந்தக் காலத்தின் பெரிய மேதை. லாங்ஃபோர்ட் பாயிண்டில் ஜெயித்தார். ஆனால் பிரிவின் எடை வரம்புக்கு மேல் இருந்ததால் பட்டம் கைமாறவில்லை. கான்ஸ் அதற்கு முந்தின ராத்திரிதான் ஃபிலடெல்பியாவில் இன்னொரு சண்டை போட்டுவிட்டு ரயிலேறி வந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருந்தாலும் மேடை ஏறி ஓரிரு வருஷமே ஆன பையனுக்கு அது சாதாரண வெற்றியா?

1904 செப்டம்பர் 5 அன்று வெல்டர்வெயிட் சாம்பியன் ஜோ வால்காட்டோடு மோதினார். இவர் பார்படாஸ் தீவுக்காரர். 1951-ல் ஹெவிவெயிட் பட்டம் ஜெயித்த ஜெர்சி ஜோ வால்காட் இவர் பெயரைத்தான் தனக்கு வைத்துக்கொண்டார். பதினைந்து ரவுண்டு சண்டை டிராவில் முடிந்தது. பட்டம் வால்காட்டிடமே இருந்தது. லாங்ஃபோர்ட்தான் நன்றாக ஆடினார் என்று பார்த்தவர்கள் பலர் சொன்னார்கள்.

ஆக, அவருக்குக் கிடைத்த உலகப் பட்ட வாய்ப்பு இந்த ஒன்றுதான். அதற்குப் பிறகு 1926 வரை, சுமார் இருபத்திரண்டு வருஷம் அவர் மேடையில் இருந்தார். வளர்ந்தார், எடை கூடியது, உலகத்தின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர் ஆனார். இன்னொரு தடவை கதவு திறக்கவே இல்லை.

நிறக்கோடு

ஏன் என்று கேட்டால் அந்தக் காலத்து அமெரிக்காவைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். சின்ன எடைப் பிரிவுகளில் கறுப்பின வீரர்கள் பட்டத்துக்கு மோதலாம், ஜெயிக்கலாம். கான்ஸும் வால்காட்டும் அப்படி வந்தவர்களே. ஆனால் ஹெவிவெயிட் பட்டம் என்பது வெறும் விளையாட்டுப் பட்டம் அல்ல. உலகத்திலேயே பலசாலி இவன்தான் என்று அறிவிக்கும் கிரீடம். அதைக் கறுப்பன் தலையில் வைப்பதா என்ற எண்ணத்தில் ஒரு கோடு போட்டார்கள். கலர் லைன் என்று அதற்குப் பேர். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது கிடையாது. ஆனால் சட்டத்தை விட உறுதியாக நின்றது.

ஜான் எல். சல்லிவன் சாம்பியனாக இருந்தபோது பீட்டர் ஜாக்சன் என்ற அபாரமான கறுப்பின வீரரோடு மோத மறுத்துவிட்டார். அதே ஜாக்சன் 1891-ல் ஜிம் கார்பெட்டோடு 61 ரவுண்டு நின்று சமமாக முடித்தார். அடுத்த வருஷம் சல்லிவனோடு மோதும் வாய்ப்பு கார்பெட்டுக்குப் போனது, பட்டமும் போனது. ஜாக்சனுக்கு ஒன்றும் இல்லை. பிறகு வந்த ஜெஃப்ரீஸும் பட்டத்தோடு இருந்த வரை கறுப்பின வீரர்களைப் பக்கத்தில் விடவில்லை.

இந்தக் கோட்டை முதலில் தாண்டியவர் ஜாக் ஜான்சன். 1908 டிசம்பர் 26 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் டாமி பர்ன்ஸை அடித்து நொறுக்கிப் பட்டம் வாங்கினார். உலகமே அதிர்ந்தது. லாங்ஃபோர்டுக்கும் இனி வழி பிறந்துவிடும் என்றுதானே நாம் நினைப்போம்? இங்கேதான் கதை திரும்புகிறது.

ஜான்சன் கணக்கு

ஜான்சனும் லாங்ஃபோர்டும் ஒரே ஒரு தடவை மோதியிருக்கிறார்கள். 1906 ஏப்ரல் 26, மாசசூசெட்ஸ் மாநிலம் செல்சீ. லாங்ஃபோர்ட் 156 பவுண்டு, அதாவது 71 கிலோ. ஜான்சன் சுமார் 185 பவுண்டு, 84 கிலோ. பதின்மூன்று கிலோ வித்தியாசம், ஐந்து அங்குல உயர வித்தியாசம். இன்றைய விதிகளின்படி இப்படி ஒரு சண்டைக்கு அனுமதியே கிடைக்காது. லாங்ஃபோர்ட் கீழே விழுந்தார், எழுந்தார், பதினைந்து ரவுண்டும் நின்றார். பாயிண்டில் ஜான்சன் ஜெயித்தார்.

இந்தச் சண்டையில் லாங்ஃபோர்ட்தான் ஜான்சனை வீழ்த்தினார், அநியாயமாகத் தீர்ப்பு மாறியது என்று மேனேஜர் உட்மன் பிற்காலத்தில் ஊரெல்லாம் பரப்பினார். விளம்பரத்துக்கான கதை. அன்றைய பத்திரிகைகள் ஜான்சன் தெளிவாக ஜெயித்ததாகவே எழுதின. நம்ம ஆளு என்பதற்காக இதை மறைக்கக் கூடாது. மறைக்க அவசியமும் இல்லை. தன்னை விட பதின்மூன்று கிலோ கூடுதலான, பின்னால் உலக சாம்பியன் ஆகப் போகிறவனிடம் பதினைந்து ரவுண்டு தாக்குப்பிடித்ததே ஒரு சான்றிதழ்.

முக்கியமான விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. அடுத்த சில வருஷங்களில் லாங்ஃபோர்ட் எடை கூடி எண்பது கிலோவை ஒட்டி வந்துவிட்டார். 1909-ல் லண்டன் போய் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் மேடையில் இங்கிலாந்தின் ஹெவிவெயிட் வீரர் இயன் ஹேகை நான்காவது ரவுண்டில் சாய்த்தார். பட்டம் ஜெயித்தால் லாங்ஃபோர்டோடு எங்கள் மேடையில் மோத வேண்டும் என்று ஜான்சன் எங்களுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார் என அந்த கிளப் அடித்துச் சொன்னது. சாம்பியன் ஆன பிறகு ஜான்சன் அந்தத் தொகை போதாது என்று கழன்றுகொண்டார்.

ஜான்சன் பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். கிளப் கொடுக்கச் சொன்னது ஆயிரம் பவுண்டு. 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் ஜெஃப்ரீஸோடு அவர் மோதிய சண்டைக்குப் பரிசுத் தொகை மட்டும் 1,01,000 டாலர். வெள்ளை வீரரோடு மோதினால் கூட்டம் அலை மோதும், பணம் கொட்டும். இரண்டு கறுப்பர்கள் மோதினால் டிக்கெட் வாங்க ஆள் வராது என்பது அவர் கணக்கு. ஜெயித்தால் லாபம் குறைவு, தோற்றால் எல்லாம் போச்சு. வியாபாரக் கணக்குப்படி அவர் செய்தது புத்திசாலித்தனம்.

ஆனால் மனசு ஒத்துக்கொள்ளவில்லையே! தனக்கு முன்னால் மூடிய கதவை இத்தனை வருஷம் தட்டித் தட்டி உள்ளே போனவர், உள்ளே போனதும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். 1913 டிசம்பரில் பாரிஸில் ஒரே ஒரு தடவை ஒரு கறுப்பின வீரருக்கு வாய்ப்பு தந்தார். அவர் பெயர் ஜிம் ஜான்சன். லாங்ஃபோர்ட் தரத்துக்குப் பக்கத்தில் கூட வராதவர். அந்தச் சண்டையும் டிராவில் முடிந்தது, சாம்பியனுக்கு கை எலும்பு முறிந்தது. லாங்ஃபோர்டாக இருந்திருந்தால்...?

இன்னொன்றையும் கவனியுங்கள். 1908 டிசம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜிம் ஃப்ளின் என்ற வெள்ளை வீரரை லாங்ஃபோர்ட் முதல் ரவுண்டிலேயே நாக் அவுட் செய்தார். அதே ஃப்ளினுக்கு 1912 ஜூலை 4 அன்று ஜான்சனோடு உலகப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு கிடைத்தது. அடித்தவன் வெளியே, அடி வாங்கியவன் உள்ளே. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

கைக்கு எட்டியது

மிடில்வெயிட் பிரிவில் ஒரு வாய்ப்பு கை வரைக்கும் வந்தது. 1910 ஏப்ரல் 27 அன்று ஃபிலடெல்பியாவில் சாம்பியன் ஸ்டான்லி கெச்சலோடு ஆறு ரவுண்டு மோதினார். அங்கத்திய முறைப்படி தீர்ப்பு சொல்லாத சண்டை. இருவரும் முழு பலத்தைக் காட்டவில்லை, பெரிய மேடைக்காகச் சேமித்து வைத்தார்கள் என்று பேச்சு. கலிஃபோர்னியாவில் நீண்ட சண்டை ஒன்று நடக்கும் என்று திட்டமும் இருந்தது. அது நடக்கவில்லை. அக்டோபரில் ஒரு பண்ணை வீட்டில் கெச்சல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கதவும் சாத்திக்கொண்டது.

1911-ல் லைட் ஹெவிவெயிட் முன்னாள் சாம்பியன் ஜாக் ஓபிரையனை ஐந்தாவது ரவுண்டில் முடித்தார். 1915-ல் ஹவானாவில் ஜான்சன் ஜெஸ் வில்லார்டிடம் பட்டத்தை இழந்தார். மறுபடியும் கோடு போடப்பட்டது, இந்தத் தடவை முன்னை விட அழுத்தமாக. 1937-ல் ஜோ லூயி வரும் வரை இருபத்திரண்டு வருஷம் எந்தக் கறுப்பின வீரரும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மேடை ஏறவில்லை.

இடையில் ஜாக் டெம்ப்ஸி வந்தார். 1919-ல் சாம்பியன் ஆகி அமெரிக்காவையே ஆட்டி வைத்தவர். வளர்ந்துகொண்டிருந்த நாளில் லாங்ஃபோர்டோடு மோதச் சொன்னபோது மாட்டேன் என்று விட்டார். தான் வாழ்க்கையில் பயந்தது ஒரே ஆளுக்கு, அது லாங்ஃபோர்டுக்கு என்று பிற்காலத்தில் தன் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். இதை விடப் பெரிய பட்டம் வேறு என்ன இருக்கிறது என்று ஆறுதல் சொல்லலாம். ஆனால் அந்த ஆறுதல் வாடகை கட்டாது.

நாலு பேர் சுற்றிச் சுற்றி

சாம்பியன்கள் மோத மாட்டேன் என்றால் பிழைப்புக்கு என்ன வழி? கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நாலு பேர் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டார்கள். லாங்ஃபோர்ட், ஜோ ஜெனட், சாம் மெக்வே, ஹாரி வில்ஸ். ஜெனட்டோடும் மெக்வேயோடும் பத்துத் தடவைக்கு மேல், வில்ஸோடு பதினைந்து தடவைக்கு மேல் லாங்ஃபோர்ட் மோதினார். பாஸ்டன், நியூயார்க், நியூ ஆர்லியன்ஸ், பாரிஸ், சிட்னி என்று ஊர் மாறும், ஆள் மாறாது. கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் என்று இவர்களுக்காகத் தனியாக ஒரு பட்டம் வைத்திருந்தார்கள். லாங்ஃபோர்ட் அதை ஐந்து தடவை ஜெயித்தார்.

இவரை விட ஏழெட்டு அங்குலம் உயரமான வில்ஸை 1914-ல் பதினான்காவது ரவுண்டிலும், 1916-ல் பத்தொன்பதாவது ரவுண்டிலும் நாக் அவுட் செய்தார். வயசு ஏற ஏற வில்ஸ் கை ஓங்கியது, நிறைய தடவை லாங்ஃபோர்ட் தோற்றார். மொத்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் அந்தத் தோல்விகளைக் காட்டி இவரைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பேரிங் தேய்ந்த பிறகு எடுத்த ரீடிங்கை வைத்து மிஷினின் கெபாசிட்டியைத் தீர்மானிக்கலாமா?

மனுஷனுக்கு நகைச்சுவையும் உண்டு. நடு ரவுண்டில் எதிராளியின் கையுறையைத் தொட்டு வணக்கம் வைத்தாராம். அது கடைசி ரவுண்டில் செய்கிற மரியாதை ஆயிற்றே, இன்னும் ரவுண்டு பாக்கி இருக்கிறதே என்று அவன் குழம்ப, உனக்கு இதுதான் கடைசி என்கிற அர்த்தத்தில் பதில் சொல்லி, சொன்னபடியே படுக்க வைத்தார் என்று ஒரு கதை உலவுகிறது.

இருட்டில் நின்றவர்

1917 ஜூனில் பாஸ்டனில் ஃப்ரெட் ஃபுல்டன் என்ற நெட்டை வீரரோடு மோதியபோது இடது கண் போய்விட்டது. ஏழாவது ரவுண்டில் சண்டையை நிறுத்த வேண்டி வந்தது. யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். லாங்ஃபோர்டுக்கு வேறு தொழில் தெரியாது. ஒற்றைக் கண்ணோடு தொடர்ந்தார். அந்தக் கண்ணிலும் புரை வளர்ந்தது.

1922-ல் அட்லான்டாவில் டைகர் ஃபிளவர்ஸ் என்ற இளம் வீரரை இரண்டாவது ரவுண்டில் நாக் அவுட் செய்தபோது லாங்ஃபோர்டுக்கு ஏறக்குறைய பார்வையே இல்லை. எதிராளியின் நிழலைப் பார்த்து, உடம்பு உரசும் தூரத்துக்கு வர விட்டு, கையால் உணர்ந்து அடித்தார். அந்த ஃபிளவர்ஸ்தான் 1926-ல் உலக மிடில்வெயிட் பட்டம் ஜெயித்த முதல் கறுப்பின வீரர். 1923-ல் மெக்சிகோ போய் அந்த நாட்டின் ஹெவிவெயிட் பட்டத்தையும் லாங்ஃபோர்ட் வாங்கினார். நாற்பதை ஒட்டிய வயசு, கண் தெரியாத ஆள்!

1926-ல் எல்லாம் முடிந்தது. பதிவான சண்டைகள் சுமார் 250, அதில் 120-க்கு மேல் நாக் அவுட். கையில் மிச்சம் ஒன்றும் இல்லை.

பதினெட்டு வருஷம் கழித்து, 1944 ஜனவரியில், நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் பத்திரிகையின் நிருபர் ஆல் லேனி இவரைத் தேடிப் போனார். விசாரித்த இடத்தில் எல்லாம் லாங்ஃபோர்ட் செத்துப் போய் ரொம்ப நாளாச்சு என்றார்கள். கடைசியில் ஹார்லெம் பகுதியில் ஓர் இருண்ட அறையில், முற்றிலும் பார்வை இழந்து, சில்லறைக் காசோடு உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்தார். லாங்ஃபோர்ட் யாரையும் குறை சொல்லவில்லை, பழைய சண்டைகளைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். கட்டுரை வெளிவந்ததும் ஊர் உருகியது. பத்தாயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அதை நிதியாகப் போட்டு மாசாமாசம் அவருக்குப் பணம் வர ஏற்பாடு செய்தார்கள்.

1955-ல் ரிங் பத்திரிகையின் குத்துச்சண்டை புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. சில மாதம் கழித்து, 1956 ஜனவரி 12 அன்று மாசசூசெட்ஸில் காலமானார். 2003-ல் அதே ரிங் பத்திரிகை எக்காலத்துக்குமான நூறு பலத்த அடிக்காரர்களைப் பட்டியல் போட்டபோது ஜோ லூயிக்கு முதல் இடம், லாங்ஃபோர்டுக்கு இரண்டாம் இடம். 2020-ல் உலக பாக்ஸிங் கவுன்சில் அவரை கௌரவ உலக சாம்பியன் என்று அறிவித்தது. செத்து அறுபத்து நாலு வருஷம் கழித்து!

என் மதிப்பீடு

1910-ஐ ஒட்டி ஜான்சனோடு மறுபடி மோதியிருந்தால் லாங்ஃபோர்ட் ஜெயித்திருப்பாரா? அடித்துச் சொல்ல முடியாது. ஜான்சன் தற்காப்பில் மன்னன். ஆனால் 1906-ல் இருந்த பதின்மூன்று கிலோ இடைவெளி அப்போது பெருமளவு குறைந்துவிட்டது, லாங்ஃபோர்டின் அனுபவம் பல மடங்கு கூடிவிட்டது. ஜெயிப்பு நிச்சயமில்லை, மோதும் தகுதி நிச்சயம். அவருக்கு மறுக்கப்பட்டது பட்டம் அல்ல, பரீட்சை. பரீட்சை எழுதி ஃபெயில் ஆனவனுக்கும் ஹால் டிக்கெட்டே தரப்படாதவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. மார்க் ஷீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே வெற்றிடம்தான் தெரியும்.

இது அமெரிக்கக் கதை என்று ஒதுக்கவும் முடியாது. லாங்ஃபோர்ட் மேடையில் கலக்கிய அதே காலத்தில் நம்ம நாட்டில் பல்வாங்கர் பாலூ என்ற சுழற்பந்து வீச்சாளர் இருந்தார். தாழ்த்தப்பட்ட சமூகத்தவர். 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். பம்பாய் போட்டிகளில் இந்துக்கள் அணியின் சிறந்த பந்து வீச்சாளர். ஆனால் அந்த அணிக்கு கேப்டன் பதவி அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. 1923-ல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது. அங்கே நிறம், இங்கே சாதி. கோடு ஒன்றுதான்.

நம்ம பேட்ச்சிலும் இருந்தார்கள் இல்லையா? லேபில் எல்லோருக்கும் முன்னால் ரீடிங் எடுத்து முடித்தவன், ஒர்க்‌ஷாப்பில் லேத்தைத் தன் கை மாதிரி ஆட்டியவன். முகவரியில் வடசென்னை என்று பார்த்ததும், இங்கிலீஷ் தடுமாறியதும், அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிடப்படாதவன். அவன் திறமை இன்று ஏதோ ஒரு சின்னப் பட்டறையில் அல்லது பிளான்ட்டில் யார் கண்ணிலும் படாமல் உழைத்துக்கொண்டிருக்கும்.

இன்று நம்மில் பலர் இன்டர்வியூ எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். ஜான்சன் செய்ததைத் திட்டுவது சுலபம். உள்ளே போன பிறகு கதவைத் திறந்து வைப்பதுதான் கஷ்டம். இந்தச் சந்திப்புக்கு வந்திருக்கும் நண்பர்கள் ஒவ்வொருவரும், அடுத்த வருஷம் நம் கல்லூரியிலிருந்து வரும் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ வேலை வாங்கித் தர வேண்டாம், ஒரு ரவுண்டு மோத இடம் கொடுத்தால் போதும். ஜெயிப்பதும் தோற்பதும் அவர்கள் பாடு.

சாம் லாங்ஃபோர்ட் கேட்டதும் அவ்வளவுதான்.